பாய்மரப் படகில் சோலார் பேனல்: நிழலைப் பார்த்து இடம், இடத்தைப் பார்த்து பேனல்

மொட்டை மாடியில் வைத்த சோலார் பேனல் ஆண்டு முழுக்க ஒரே திசையைப் பார்த்துக் கிடக்கும். நங்கூரமிட்ட பாய்மரப் படகு அப்படி இருக்காது. காற்று திரும்பினால் அதுவும் திரும்பும். பாய்மரம், பெரிய பாயின் அடி விளிம்பைத் தாங்கும் பூம் என்கிற கிடைக்கம்பம், மரத்தை நாலாபக்கமும் இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கயிறுகள் எல்லாம் பேனலின் மேல் நாள் முழுக்க நிழல் போட்டுக்கொண்டே இருக்கும். 400 வாட் பேனலை மாட்டிய பிறகு நல்ல வெயிலிலும் 100 வாட் தாண்டவில்லை என்று தவிப்பவர்களின் படகில் பேனல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கோளாறு அது மாட்டப்பட்ட இடத்தில் இருக்கும்.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க நிழலை மையமாக வைத்தே போகிறது. எடுத்துக்காட்டாக ஒரு படகை வைத்துக்கொள்வோம்: 11 மீட்டர், அதாவது 36 அடி நீளம், ஒற்றை உடல், 12 வோல்ட் மின்சாரம், இரண்டு பேர் வசிக்கிறார்கள், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கிழக்குக் கரீபியன் தீவுகளில் நங்கூரமிட்டு நிற்கிறது. உலகில் நீண்ட பயணம் போகும் பாய்மரப் படகுகளில் இந்த அளவு மிகச் சாதாரணம்.

தேவை எவ்வளவு?

முதலில் ஒரு நாள் செலவைக் கணக்கிட வேண்டும். ஒரு கருவி எத்தனை ஆம்பியர் இழுக்கிறதோ அதை ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் ஆம்பியர்-மணி கிடைக்கும். அதை 12 வோல்ட்டால் பெருக்கினால் வாட்-மணி.

படகில் அதிகம் தின்பது குளிர்பெட்டிதான். 12 வோல்ட் கம்ப்ரசர் ஓடும்போது சுமார் 4.5 ஆம்பியர் எடுக்கும். வெப்ப மண்டலத்தில் நாளில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் 54 ஆம்பியர்-மணி. மடிக்கணினிக்கும் கைபேசிகளுக்கும் 15. இரண்டு சிறு மின்விசிறிகளுக்கு 6. அறை விளக்குகளுக்கு 5. விஎச்எஃப் ரேடியோ கேட்கும் நிலையிலேயே இருந்தால் 5. எல்இடி நங்கூர விளக்கு இரவு முழுக்க எரிந்தாலும் 2.4 தான். தண்ணீர் பம்ப் 1.5. கூட்டினால் ஏறத்தாழ 90 ஆம்பியர்-மணி, அதாவது 1080 வாட்-மணி.

இது நங்கூரத்தில் நிற்கும் நாளின் கணக்கு. கடலில் ஓடும்போது தானியங்கிச் சுக்கான் சராசரி 3 ஆம்பியர் எடுத்தால் 24 மணி நேரத்தில் அதுவே 72 ஆகிவிடும். வரைபடத் திரையும் மற்றக் கருவிகளும் இன்னொரு 60. ஆகவே பயண நாளில் 200 ஆம்பியர்-மணியைத் தாண்டுவது இயல்பு. செயற்கைக்கோள் இணையத் தட்டு வைத்திருப்பவர்கள் அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். 50 வாட் எடுக்கும் தட்டு நாள் முழுக்க ஓடினால் 1200 வாட்-மணி போய்விடும். நங்கூரத்தில் நிற்கும் நாளின் மொத்தச் செலவே அதற்குக் குறைவுதான். தேவைப்படும் நேரத்தில் மட்டும் அதைப் போடுவது, இன்னொரு பெரிய பேனல் வாங்குவதைவிட மலிவு.

பேனலின் முதுகில் எழுதியிருக்கும் வாட்

200 வாட் என்ற எண் ஆய்வுக்கூடத்தில் எடுத்தது: சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, பேனலுக்குள் ஒளியை மின்சாரமாக்கும் செல்லின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸ். கரீபியன் வெயிலில் செல் 60, 65 டிகிரிக்குப் போய்விடும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் திறன் குறையும். அதனால் சுமார் 13 சதவீதம் சூட்டிலேயே போய்விடுகிறது. கம்பியிலும், பேனலுக்கும் பாட்டரிக்கும் நடுவே இருந்து ஏற்றத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரிலும் 7, உப்பிலும் அழுக்கிலும் 3, நன்றாக இடம் தேர்ந்தாலும் தவிர்க்க முடியாத நிழலில் 15 சதவீதம் போகிறது என்று வையுங்கள். மிஞ்சுவது மூன்றில் இரண்டு பங்கு. அந்தக் கடலில் ஒரு நாளின் மொத்த வெயில் ஏறத்தாழ 5.3 மணி நேர முழு வெயிலுக்குச் சமம் என்று எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு வாட் பேனலும் நாளுக்கு 3.5 வாட்-மணி தரும்.

நமக்கு வேண்டியது 1080. பாட்டரி ஏறி இறங்குவதில் ஆகும் இழப்பையும் சேர்த்து 1250 என்று வைத்து 3.5 ஆல் வகுத்தால் 357 வாட் வருகிறது. ஆகவே 400 வாட் வாங்குவது சரி. இரண்டு மூன்று நாள் மேகம் மூடினால் எஞ்சினைப் போட வேண்டியிருக்கும். அதற்காக 800 வாட்டை ஏற்றிச் சுமப்பது இந்த அளவுப் படகுக்கு நல்லதல்ல.

மத்தியதரைக் கடலில் குளிர்காலத்தைக் கழிப்பவர்களுக்கு இந்த எண் பொருந்தாது. துருக்கியின் மர்மரிஸ் 37 டிகிரி வட அகலாங்கு. அங்கே டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 30 டிகிரிதான் ஏறும். கிடையாகப் படுத்திருக்கும் பேனலில் விழும் நேரடி ஒளி நண்பகலிலேயே பாதி. அதே நாளில் மார்டினிக் தீவில் சூரியன் 52 டிகிரி ஏறும். அங்கே ஐந்தில் நான்கு பங்கு கிடைக்கும். அதனால்தான் கரீபியனில் பேனலைக் கிடையாக விட்டுவிடலாம். மர்மரிஸில் தெற்கே சாய்க்க வசதி இருந்தால்தான் குளிர்காலம் ஓடும்.

ஒரு செல்லின் நிழல் ஏன் பாதிப் பேனலை அணைக்கிறது?

புதிதாகத் தொடங்குபவர்கள் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது.

ஒரு பேனலுக்குள் இருக்கும் செல்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டவை. '12 வோல்ட் பேனல்' என்று விற்கப்படுவதில் வழக்கமாக 36 செல்கள். ஒரே மின்னோட்டம் எல்லாச் செல்களின் வழியாகவும் போக வேண்டும். ஒரு செல்லை நிழல் மூடினால் அந்தச் செல் விடுகிற அளவுதான் மற்ற 35 செல்களாலும் ஓட்ட முடியும். அதுமட்டுமல்ல, மற்றச் செல்கள் தள்ளும் மின்சாரம் அந்த ஒரு செல்லைச் சூடாக்கிப் பொசுக்கவும் கூடும். இதைத் தடுக்கத்தான் பைபாஸ் டயோடு. 36 செல் பேனலில் வழக்கமாக இரண்டு டயோடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் 18 செல்களைக் காக்கும். நிழல் விழுந்த பாதியை அது தாண்டிவிடும். மறுபாதி வேலை செய்யும்.

இங்கேதான் பலரும் கவனிக்காத சிக்கல் வருகிறது. முழுப் பேனல் 18 வோல்ட்டில் வேலை செய்கிறது என்றால், பாதி 9 வோல்ட்தான் தரும். 12 வோல்ட் பாட்டரியை 9 வோல்ட்டால் ஏற்ற முடியாது. காகிதத்தில் 'பாதி சக்தி மிஞ்சும்' என்று இருந்தாலும், தனியாக ஒரு கன்ட்ரோலரில் மாட்டிய 36 செல் பேனலிலிருந்து பாட்டரிக்குப் போவது ஒன்றுமில்லை என்கிற அளவுதான். பூமின் நிழல் ஒரு கை அகலம் விழுந்தாலே போதும்.

சூடும் சேர்ந்துகொள்கிறது. 25 டிகிரியில் 18 வோல்ட் தரும் பேனல் 65 டிகிரியில் சுமார் 15.5 வோல்ட்தான் தரும். பாட்டரியை நிரப்ப 14.4 வோல்ட் வேண்டும். பேனலின் வோல்ட்டேஜைப் பாட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எம்பிபிடி வகைக் கன்ட்ரோலர் வேலை செய்ய அதற்கு மேல் ஒரு வோல்ட் வேண்டும். கணக்கு 15.4க்கு வந்துவிட்டது! நடுவில் மெல்லிய கம்பி அரை வோல்ட்டைத் தின்றுவிட்டால் உச்சி வெயிலில்தான் பேனல் தடுமாறும். 32 செல் மட்டுமே உள்ள சில வளையும் பேனல்கள் வெப்ப மண்டலத்தில் ஏமாற்றுவதற்கு இதுவே காரணம்.

இதற்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, வீட்டுக் கூரைக்கு விற்கும் பெரிய பேனல். 400 வாட் அளவில், ஏறக்குறைய 1.72 மீட்டருக்கு 1.13 மீட்டர், எடை 21 கிலோ. செல்களைப் பாதியாக வெட்டி 108 துண்டுகளாக அடுக்கியிருப்பார்கள். வேலை செய்யும் வோல்ட்டேஜ் சுமார் 31. மூன்று டயோடுகள். ஒரு பகுதி நிழலில் போனாலும் 20 வோல்ட் மிஞ்சும்; சூட்டில் குறைந்தாலும் பாட்டரியை ஏற்றப் போதும். ஒரு வாட்டுக்கு ஆகும் விலையும் படகுக் கடைப் பேனலைவிடக் குறைவு. பின்பக்கம் இடம் இருக்கும் படகில் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

இந்த வகைப் பேனலில் மேல்பாதியும் கீழ்பாதியும் இணையாக ஓடுகின்றன. அதனால் மாட்டும் திசையும் முக்கியம். நீளப் பக்கம் படகின் நீளத்தோடு போகும்படி வையுங்கள். பூமின் முனை முன்பாதியை மறைத்தால் பின்பாதி முழுதாக ஓடும். பாய்மரத்தின் நிழல் முன்னிருந்து பின்னாக ஒரு நீண்ட கோடாக விழுந்தால் ஒரு நெடுவரிசைதான் போகும். மற்ற இரண்டும் ஓடும். குறுக்காக மாட்டினால் அதே கோடு மூன்று வரிசைகளையும் வெட்டும்.

இன்னொரு வழி, 36 செல் பேனல்கள் இரண்டைத் தொடராக இணைப்பது. 36 வோல்ட் வரும். ஒரு பேனலில் பாதி போனாலும் 27 மிஞ்சும். பாட்டரி ஏறும். ஆனால் ஒரு நிபந்தனை: இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே சாய்வில், ஒரே வெயிலைப் பார்க்க வேண்டும். ஒன்று படகின் ஓரத்தில் இடப்பக்க வேலிக் கம்பியிலும் இன்னொன்று வலப்பக்க வேலிக் கம்பியிலும் என்றால் தொடராக இணைக்கவே கூடாது; எந்தப் பக்கம் வெயில் குறைவோ அதுதான் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். அப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய கன்ட்ரோலர். கன்ட்ரோலர்கள் இரண்டும் ஒரே பாட்டரிக்குப் போவதில் தவறில்லை.

வெயில் எந்தப் பக்கம் வரும்?

கரீபியனில் வணிகக் காற்று கிழக்கிலிருந்து வீசும். நங்கூரத்தில் படகின் முன்முனை கிழக்கைப் பார்க்கும். காலையில் சூரியன் முன்னே இருப்பதால் பாய்மரமும் பூமும் பின்முனையில் நிழல் போடும். பிற்பகலில் பின்முனை முழு வெயிலில் இருக்கும். அதனால் பின்முனை நல்ல இடம். காலை நிழலைக் குறைக்க, பூமை ஒரு கயிற்றால் பக்கவாட்டில் இழுத்துக் கட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும். செலவு ஒரு முடிச்சுதான்.

அட்லாண்டிக்கை மேற்கு நோக்கிக் கடக்கும்போது இது தலைகீழ். காலையில் சூரியன் பின்னால். பின்முனைக்கு நல்ல வெயில். பிற்பகலில் சூரியன் முன்னால் வந்து, விரித்த பாய்களின் நிழல் முழுக்கப் பின்முனையில் விழும். குளிர்மாதங்களில் சூரியன் தெற்கே இருப்பதால் இடப்பக்கத்துக்கு வெயில் கூடுதல். வடகிழக்குப் பருவக் காற்றில் லங்காவியிலிருந்து இலங்கை நோக்கி வங்கக் கடலைக் கடக்கும் படகுகளுக்கும் ஜனவரி, பிப்ரவரியில் இதே நிலைதான். இடப்பக்க வேலிக் கம்பியில் மாட்டிய ஒரு 100 வாட் பேனல் அந்த நாட்களில் தன் விலைக்கு மேல் உழைக்கும்.

பேனல் வாங்குவதற்கு முன் அதே அளவில் ஓர் அட்டையை வெட்டி, வைக்க நினைக்கும் இடத்தில் கட்டிவிடுங்கள். காலை 8, 10, நண்பகல், 2, 4 மணிக்கு ஒரு படம் எடுங்கள். 10 முதல் 2 மணிக்குள் அட்டையில் நிழல் கோடு விழுந்தால் வேறு இடம் பாருங்கள். ரேடார் கம்பம், காற்றாலை, பின்பக்க எஃகுக் கயிறு, கொடிக்கம்பம் எல்லாம் இந்தப் படங்களில் தெரிந்துவிடும். காற்றாலையின் இறக்கைகள் பேனலின் மேல் நிழலைச் சுழற்றினால் எம்பிபிடி சரியான வோல்ட்டேஜைத் தேடித் தேடியே நேரத்தைக் கழிக்கும்.

கண்ணாடியா, வளையும் தகடா?

கண்ணாடிப் பேனல் 3.2 மி.மீ. கடினக் கண்ணாடி, அலுமினியச் சட்டம். 100 வாட்டுக்கு 7 கிலோ அளவு. 20, 25 ஆண்டு உழைக்கும். வளையும் பேனல் 3 மி.மீ. தடிமன், 100 வாட்டுக்கு 2 கிலோ சொச்சம். மேல் பூச்சு பிஇடி பிளாஸ்டிக் என்றால் வெயிலில் சீக்கிரம் மங்கி மஞ்சளாகும். இடிஎஃப்இ பூச்சு கூடுதல் காலம் தாங்கும். எதுவானாலும், நடந்தால், அலையில் தளம் நெளிந்தால், காற்றில் துணி படபடத்தால் உள்ளே செல்கள் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். தளத்தில் பசையிட்டு ஒட்டினால் அடியில் காற்றோட்டம் இல்லாமல் இன்னும் சூடாகும். சூடான செல், விரிசல், உப்பு ஈரம் மூன்றும் சேர்ந்தால் மூன்று நான்கு ஆண்டில் பாதித் திறன் போவது சகஜம்.

கண்ணாடிப் பேனலுக்கு இடமிருக்கும் வரை வளையும் பேனலை வாங்காதீர்கள் என்பதே இங்கே உறுதியாகச் சொல்ல வேண்டியது. பிமினி என்கிற வெயில் கூடாரத் துணியின் மேல் வேறு எதையும் வைக்க முடியாது என்றால் மட்டும் அதை எடுக்கலாம். அப்போதும் ஒட்டாமல், துணியில் ஜிப் தைத்து, கழற்றி எடுக்கும்படி மாட்டுங்கள். அடியில் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் தகடு ஒன்றை வைத்தால் நெளியாது, குழாய் போன்ற இடைவெளி வழியே காற்றும் போகும்.

மாட்டும் வேலை

பின்முனை வளைவுதான் பெரும்பாலான பயணப் படகுகளில் முதல் தேர்வு. நான்கு கால்களோடு, தலைக்கு மேல் பேனலைத் தாங்கும் குழாய்ச் சட்டம் அது. 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 32 மி.மீ. குழாய். 25 மி.மீ. குழாய் பிமினிக்குப் போதும். 40 கிலோ பேனல் சுமக்கும் வளைவுக்குப் போதாது.

எடையைவிடக் காற்றைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 60 நாட் காற்று, அதாவது மணிக்கு 111 கிலோமீட்டர், நேராக மோதும்போது சதுர மீட்டருக்குச் சுமார் 60 கிலோ அழுத்தம் தரும். 2 சதுர மீட்டர் பேனலை அடியிலிருந்து தூக்கினால் 120 கிலோ. அதோடு படகு அலையில் குதிக்கும் உலுக்கலும் சேரும். ஆகவே வளைவின் நான்கு கால்களும் தளத்தின் வழியாகத் துளைத்து, அடியில் 6 மி.மீ. தகடு வைத்து, 8 மி.மீ. போல்ட்டால் முடுக்கப்பட வேண்டும். மர ஸ்குரூ கூடவே கூடாது. கால்களுக்கு நடுவே பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் சாய்ந்த தாங்கு குழாய் வேண்டும். இல்லாவிட்டால் வளைவு அசைந்து அசைந்து ஒரு பருவத்திலேயே வெல்டிங் ஓரம் விரிசல் விடும்.

பைபர்கிளாஸ் தளத்தின் நடுவே பால்சா மரமோ நுரையோ இருக்கும். துளையிட்டு அப்படியே போல்ட் போட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி மரம் அழுகும். துளையை வேண்டிய அளவைவிடப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிட வேண்டும். போல்ட்டைச் சுற்றி ப்யூட்டைல் டேப். இது அரை நாள் கூடுதல் வேலை. தவிர்த்தால் ஐந்தாறு ஆண்டில் தளத்தையே பிரிக்க நேரும்.

பேனலின் அலுமினியச் சட்டத்தில் தயாரிப்பாளர் போட்ட துளைகள் நீளப் பக்கத்தில், முனையிலிருந்து நான்கில் ஒரு பங்கு தூரத்தை ஒட்டி இருக்கும். அவற்றையே பயன்படுத்துங்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் புதிதாகத் துளையிட்டால், துரப்பணம் வழுக்கினால் பேனல் போச்சு. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் உப்பு ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டால் அலுமினியம் வெண்பொடியாக அரிக்கும். நடுவில் நைலான் வாஷர், போல்ட்டின் மரையில் டெஃப்-ஜெல் போன்ற பசை, தளராத நைலாக் நட். பேனலுக்கு அடியில் குறைந்தது 50 மி.மீ. காற்றிடைவெளி. முழுக் கிடையாக இல்லாமல் 5 டிகிரி சாய்த்தால் மழை உப்பைக் கழுவிவிடும்.

பக்க வேலிக் கம்பிகளில் மாட்டுவதானால் வேலியின் எஃகுக் கயிற்றிலேயே மாட்டாதீர்கள், அது தொய்யும். தூண்களுக்கு நடுவே 25 மி.மீ. குழாய் போட்டு, கீல் கிளாம்பில் பேனலைத் தொங்கவிட்டு, அடியில் நீட்டிச் சுருக்கும் தாங்கி வையுங்கள். துறையில் நுழையும்போதும் கடல் கொந்தளிக்கும்போதும் மடக்கிவிடலாம். பெரிய அலை அடிக்கும் பயணத்துக்கு முன் அதைக் கழற்றி உள்ளே வைப்பதே பாதுகாப்பு.

கம்பி, ஃப்யூஸ், கன்ட்ரோலர்

வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியைத்தான் படகில் போட வேண்டும். வெறும் செம்பு ஓரிரு ஆண்டில் பச்சையாகி உள்ளே நெடுந்தூரம் அரித்துவிடும். தடிமனைக் கணக்குப் போட்டே எடுங்கள். 200 வாட் பேனல் 18 வோல்ட்டில் 11 ஆம்பியர் ஓட்டுகிறது; கன்ட்ரோலர் 8 மீட்டர் தள்ளி இருக்கிறது; போக வர 16 மீட்டர். 6 சதுர மி.மீ. கம்பியில் அரை வோல்ட் இழப்பு, அது 3 சதவீதத்துக்குள். 4 சதுர மி.மீ. என்றால் 0.77 வோல்ட், 4 சதவீதத்துக்கு மேல். அதேபோன்ற இரண்டு பேனல்களைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட்டில் அதே 11 ஆம்பியர்தான். 4 சதுர மி.மீ. கம்பியே தாராளம். தொடர் இணைப்பின் இன்னொரு லாபம் இது.

பேனல் கம்பிகளைச் சேர்க்கும் எம்சி4 இணைப்பான்களில் இரு பாதியும் ஒரே தயாரிப்பாளருடையதாக இருக்க வேண்டும். வேறு வேறு கம்பெனிப் பாதிகள் பொருந்துவதுபோல் தெரியும், ஆனால் உள்ளே தொடர்பு சரியாக இராது, சூடேறி உருகும். அதற்கென்று உள்ள கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள், சாதாரண இடுக்கியால் அல்ல. கம்பி தளத்துக்குள் இறங்கும் இடத்தில் நீர்புகாக் கிளாண்டு. அதற்கு முன் கம்பியைக் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

கன்ட்ரோலரில் பிடபிள்யூஎம் வகை மலிவு. அது பேனலைப் பாட்டரியின் வோல்ட்டேஜுக்கே இழுத்துவிடும். 100 வாட் பேனலின் 5.5 ஆம்பியரை 13 வோல்ட்டால் பெருக்கினால் 72 வாட்தான். எம்பிபிடி, பேனல் அதிகம் தரும் வோல்ட்டேஜில் வாங்கி, பாட்டரிக்கு ஏற்ற வோல்ட்டேஜில் மாற்றிக் கொடுக்கும். 31 வோல்ட் பேனலுக்கும் தொடர் இணைப்புக்கும் எம்பிபிடி இல்லாமல் முடியாது. சந்தையில் எம்பிபிடி என்று ஒட்டுச்சீட்டு ஒட்டிய பிடபிள்யூஎம் பெட்டிகளும் உலவுகின்றன. நம்ப முடியாத மலிவு விலையே அதன் அடையாளம்.

எம்பிபிடியில் 100/30 என்று எழுதியிருந்தால், பேனல் பக்கம் 100 வோல்ட்டைத் தாண்டக்கூடாது, பாட்டரிக்கு 30 ஆம்பியர் வரை தரும் என்று பொருள். 30 ஆம்பியரை 14.4 ஆல் பெருக்கினால் 432 வாட். நம் 400 வாட்டுக்குச் சரி. 75/15 ஒரு 200 வாட் பேனலுக்குச் சரி. வோல்ட்டேஜைப் பார்க்கும்போது வேலை செய்யும் 18ஐ அல்ல, திறந்த சுற்றின், அதாவது எதோடும் இணைக்காதபோது காட்டும் 22.5ஐ எடுங்கள். இரண்டு தொடரில் 45. குளிர்ந்த காலையில் இன்னும் பத்து சதவீதம் ஏறினாலும் 50. எல்லைக்குள் இருக்கிறது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பேனல்களை இணையாக இணைத்தால் ஒவ்வொன்றின் பாசிட்டிவ் கம்பியிலும் தனி ஃப்யூஸ் வேண்டும். ஒன்றில் ஷார்ட் ஆனால் மற்றவை எல்லாம் அதற்குள் பாயும். ஃப்யூஸின் அளவு பேனலின் முதுகுச் சீட்டிலேயே இருக்கும்.

கன்ட்ரோலரைப் பாட்டரிக்கு அருகில், காற்றோட்டமான சுவரில், வெப்பத் தகடுகள் நிமிர்ந்து நிற்கும்படி மாட்டுங்கள். ஆசிட் பாட்டரிக்கு நேர் மேலே கூடாது. அதிலிருந்து ஹைட்ரஜன் வரும். விஎச்எஃப் ரேடியோ, பக்கத்துக் கப்பல்களை அடையாளம் காட்டும் ஏஐஎஸ் ஆகியவற்றின் கம்பிகளிலிருந்தும் திசைகாட்டியிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பாட்டரிப் பக்கக் கம்பியில், பாட்டரி முனையிலிருந்து 18 செ.மீ. தூரத்துக்குள் ஃப்யூஸ். இணைக்கும்போது முதலில் பாட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பாட்டரி. பாட்டரி இல்லாமல் பேனலை மட்டும் இணைத்தால் சில கன்ட்ரோலர்கள் தவறான வோல்ட்டேஜை எடுத்துக்கொண்டு கெட்டுவிடும். நடுவில் ஒரு டிசி ஸ்விட்ச் இருந்தால் இந்த வரிசை எளிது.

பாட்டரி வகையைக் கன்ட்ரோலரில் சரியாகத் தேர்ந்தெடுப்பது கடைசிப் படி. ஈய-ஆசிடுக்கு 14.4 வோல்ட் வரை ஏற்றி 13.6 அளவில் நிறுத்தி வைப்பதோடு, வெப்பத்துக்கேற்ற திருத்தமும் வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு 14.2 போதும், நிறுத்தம் 13.5, வெப்பத் திருத்தத்தை அணைத்துவிட வேண்டும்.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

மாட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு பேனலையும் வெயிலில் வைத்துத் திறந்த வோல்ட்டேஜை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 36 செல் பேனல் 20 முதல் 22 வரை காட்டும். 10, 11 காட்டினால் ஒரு டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம், திருப்பிக் கொடுங்கள். ஷார்ட் மின்னோட்டத்தைப் பார்க்கச் சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளை 200 வாட் பேனலுக்குப் போதாது. டிசி கிளாம்ப் மீட்டர் வேண்டும்.

நல்ல வெயிலில் 400 வாட் அமைப்பு 280 முதல் 320 வாட் காட்டினால் அது சரியாகவே ஓடுகிறது. நண்பகலில் திடீரென்று 20 வாட்டுக்கு இறங்கினால் உடனே பயப்பட வேண்டாம். முதலில் பாட்டரி வோல்ட்டேஜைப் பாருங்கள். 13.6இல் நிற்கிறது என்றால் பாட்டரி நிரம்பிவிட்டது, வாங்க ஆளில்லை. குளிர்பெட்டியையும் மடிக்கணினியையும் போட்டுப் பாருங்கள், வாட் உடனே ஏறும். பாட்டரி 12.8இல் இருக்கும்போதே 20 வாட் என்றால்தான் கோளாறு: நிழல், உருகிய எம்சி4, எரிந்த ஃப்யூஸ், பச்சையான கம்பி என்ற வரிசையில் தேடுங்கள். பேனலின் முனையிலும் கன்ட்ரோலரின் முனையிலும் ஒரே நேரத்தில் வோல்ட்டேஜ் அளந்து பாருங்கள். வித்தியாசம் ஒரு வோல்ட்டைத் தாண்டினால் நடுவில் ஏதோ ஓர் இணைப்பு சூடாகிக்கொண்டிருக்கிறது. கையால் தொட்டே கண்டுபிடிக்கலாம்.

மற்றபடி பராமரிப்பு குறைவு. வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவினால் உப்பு போகும். பறவை எச்சம் ஒரு செல்லை மூடினாலும் மேலே சொன்ன நிழல் கணக்குதான், அன்றே துடையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எல்லா நட்டுகளையும் முடுக்கி, எம்சி4 இணைப்புகளைப் பிரித்துப் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் பேனலில் வெயில் படும்போது ஓடும் மின்னோட்டத்தோடு எம்சி4ஐப் பிரிக்காதீர்கள்; பொறி பறந்து முனை கருகும். ஸ்விட்சை அணைத்து, பேனலைத் துணியால் மூடிவிட்டுப் பிரியுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பேனல்களைக் கழற்றி அறைக்குள் இறக்க வேண்டும். ஒரு பேனலுக்கு நான்கு போல்ட், இரண்டு இணைப்பான் என்று இருந்தால் இரண்டு பேர் அரை மணி நேரத்தில் முடிக்கலாம். மாட்டும் நாளிலேயே அதை மனதில் வைத்து, ஸ்பேனர் எட்டும் இடத்தில் போல்ட்டை வையுங்கள்.